ஆட்டு மயிரும் இரத்தினக் கம்பளமும்

கம்பளம் வாங்கப் போகிறவருக்குக் கடைக்காரர் முதலில் விரித்துக் காட்டுவது சித்திரத்தை. அடுத்தபடி பெருமையோடு எடுத்துச் சொல்லுவது சதுர அங்குலத்துக்கு இத்தனை முடிச்சு என்ற கணக்கை. வற்புறுத்திக் கேட்டாலொழிய அவர் வாய் திறவாத விஷயம், அந்த முடிச்சுகளெல்லாம் எத்தகைய மயிரால் போடப்பட்டவை என்பது. கேட்டாலும், ‘சுத்தமான கம்பளிதான் சார்’ என்ற ஒரே வாக்கியத்தில் அந்தப் பேச்சு முடிந்துவிடும். பௌதிகமும் ரசாயனமும் அறிந்தவர்கள் ஒரு கம்பளத்தை மதிப்பிடும் வரிசை இதற்கு நேர்மாறானது. மயிர் முதலாவது, அதை நூலாக்கிய விதமும் ஊட்டிய சாயமும் அடுத்தவை, முடிச்சு அவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது, சித்திரமோ அவரவர் ருசியைப் பொறுத்தது, அதில் விஞ்ஞானத்துக்கு அதிகாரம் மிகவும் சொற்பம். பளிங்குபோல் வழவழக்கும் ஓடு பதித்து, சுவரளவு கண்ணாடி ஜன்னல் வைத்துக் கட்டிய இன்றைய வீட்டின் கூடத்துக்கு ஒரு கைநெசவுக் கம்பளத்தைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறவர், ஆட்டிலிருந்து தொடங்குவதே உத்தமம்.

கம்பளியைச் சோதிப்பதாக நினைத்து நாம் எல்லோரும் செய்கிற முதற் காரியம், உள்ளங்கையால் அதைத் தடவிப் பார்ப்பது. மெத்தென்று இருந்தால் உயர்ந்த சரக்கு, சற்றே சுரசுரத்தால் மட்டமான சரக்கு என்ற தீர்மானம் அந்த க்ஷணத்திலேயே மனத்தில் விழுந்துவிடுகிறது. சால்வைக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தும். தரையில் கிடந்து நாள்தோறும் மிதிபடப் போகிற வஸ்துவுக்குப் பொருந்தாது. லடாக்கின் சாங்தாங் பீடபூமியில் வளரும் வெள்ளாட்டின் பஷ்மினா மயிர் 12 முதல் 15 மைக்ரான் வரை பருமனுள்ளது. அதாவது ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் எழுபது, எண்பது மயிர்களை அருகருகே கிடத்திவிடலாம். மெரினோ ஆட்டின் மயிர் 20 மைக்ரானை ஒட்டியது. கம்பளத்துக்கு உகந்த மயிரோ 30 முதல் 40 மைக்ரான் வரை தடித்தது. ஒரு மெல்லிய கோலை வளைப்பதற்கு வேண்டிய பலம், அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும் என்பது பௌதிக விதி. ஆகவே 18 மைக்ரான் மயிரைக் காட்டிலும் 36 மைக்ரான் மயிர் இரண்டு மடங்கு அல்ல, 16 மடங்கு விறைப்பானது. மெரினோவால் நெய்த கம்பளம் கைக்கு எவ்வளவு இதமாக இருந்தபோதிலும், ஜனங்கள் நடமாடும் வழியில் சில மாதங்களிலேயே படுத்து, ஒன்றோடொன்று பின்னிச் சடைபிடித்துப் போகும். கடையில் முரட்டுத்தனம் என்று நாம் ஒதுக்கிய அதே குணந்தான் பத்தாண்டு மிதிபட்ட பிறகும் இழைகளை நிமிர்த்தி நிறுத்துகிறது.

இந்தியாவில் இந்த முரட்டு மயிருக்குப் பேர்போன இடம் இராஜஸ்தானத்தின் பிகானேர். மக்ரா, சோக்லா, நாலி என்ற பெயர்கொண்ட ஆட்டு இனங்கள் அந்த வறண்ட பூமியின் புல்லையும் புதரையும் மேய்ந்து வளர்பவை. அவற்றுள் மக்ராவின் மயிர் இயற்கையிலேயே ஒருவிதப் பளபளப்பு உடையது. அங்கே நூற்கும் ஆலைகள் நியூசிலாந்திலிருந்து வரும் கம்பளியையும் இதோடு கலப்பதுண்டு; நியூசிலாந்துக் கம்பளி வெண்மையும் நீளமும் மிக்கதாகையால், வெளிர்நீலம், தந்த நிறம் போன்ற மெல்லிய வர்ணங்கள் அதில் தெளிவாகத் தோன்றுகின்றன. ‘நியூசிலாந்துக் கம்பளி’ என்ற சீட்டைக் கண்டதும் பரவசப்படவோ, ‘உள்நாட்டுக் கம்பளி’ என்றதும் முகஞ்சுளிக்கவோ காரணமில்லை என்பது என் அபிப்பிராயம். இரண்டும் உயிரோடிருக்கும் ஆட்டிலிருந்து கத்தரித்தவையா என்பதே கேட்கத்தக்க கேள்வி. ஏனெனில் கசாப்புக்குப் போன ஆட்டின் தோலிலிருந்து சுண்ணாம்பும் கந்தகச் சேர்மங்களும் பூசிக் கழற்றி எடுக்கும் மயிரும் சந்தைக்கு வருகிறது. அந்தக் காரம் மயிரின் உள்ளமைப்பையே அரித்துவிடுவதால், அது மங்கலாகத் தோன்றும், சாயத்தைச் சீராக ஏற்காது, எளிதில் ஒடியும். இதைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கம்பளத்தின் ஓரிடத்தை உள்ளங்கையால் சற்று அழுத்தமாகப் பலமுறை தேய்த்தால், நல்ல கம்பளத்தில் சில நீண்ட இழைகள் சுருண்டு வரும். செத்த மயிரில் நெய்ததாயின், பொடிப்பொடியாக ஒடிந்த துண்டுகள் கையில் ஒட்டும். புதுக் கம்பளம் எதுவாயினும் முதல் சில மாதங்கள் மயிர் உதிர்க்கத்தான் செய்யும், அதற்காகக் கலவரப்பட வேண்டாம். செத்த மயிர்க் கம்பளமோ தன் ஆயுள் முழுவதும் உதிர்த்துக்கொண்டே இருக்கும்.

ஆட்டு மயிர் மிதித்தாலும் மீண்டும் எழுந்து நிற்பது விறைப்பினால் மட்டும் அன்று. விறைப்பான துடைப்பக்குச்சியை மடித்தால் ஒடிகிறது, மயிர் ஒடிவதில்லை. இதன் ரகசியத்தைத் தேடிய கதை இருபதாம் நூற்றாண்டு விஞ்ஞானத்தின் சுவையான பகுதிகளில் ஒன்று. இங்கிலாந்தின் கம்பளித் தொழில் நகரமான லீட்ஸில், 1928இல் வேலைக்கு வந்த வில்லியம் ஆஸ்ட்பரி என்ற பௌதிக அறிஞர், கம்பளி இழைகளின்மேல் எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிப் படமெடுத்தார். சாதாரண மயிர் ஒருவிதமான உருவத்தைத் தந்தது. நீராவியில் வைத்து ஏறக்குறைய இரு மடங்கு நீளத்துக்கு இழுத்த மயிர் முற்றிலும் வேறு உருவத்தைத் தந்தது. விட்டதும் பழைய உருவமே மீண்டது. கெராட்டின் என்னும் புரதத்தின் நீண்ட சங்கிலி, இயல்பான நிலையில் மடிந்து சுருங்கியிருக்கிறது, இழுத்தால் விரிகிறது, விட்டால் பழையபடி மடிகிறது என்று அவர் ஊகித்தார். ஊகம் சரி, மடிப்பின் வடிவந்தான் தவறு. (புரதங்களிடம் இந்த மனிதருக்கு இருந்த மோகம் கொஞ்சநஞ்சமல்ல, வேர்க்கடலைப் புரதத்தை இழையாக்கி நெய்த துணியில் மேலங்கி தைத்து அணிந்து திரிந்தவர் அவர்.) சரியான வடிவத்தைக் கண்டவர் அமெரிக்கரான லைனஸ் பாலிங். 1948இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜலதோஷத்தோடு படுக்கையில் கிடந்தபோது, ஒரு காகிதத்தில் புரதச் சங்கிலியை வரைந்து மடித்து மடித்துப் பார்த்து, அது ஒரு திருகு சுருளாக அமைய வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1951இல் அதை வெளியிட்டார். ஆனால் பாலிங்கின் சுருள் 5.4 ஆங்ஸ்ட்ராமுக்கு ஒரு சுற்று சுற்றுகிறது. ஆஸ்ட்பரியின் படங்களிலோ 5.1 என்ற அளவே பதிந்திருந்தது. சுருள்கள் தனித்து நிற்பதில்லை, ஒன்றையொன்று தழுவிப் புரிபோல் முறுக்கிக்கொள்கின்றன, அந்தச் சாய்வினால்தான் அளவு குறைந்து தெரிகிறது என்று பிரான்சிஸ் கிரிக் விளக்கிய பின்னரே இந்த வழக்குத் தீர்ந்தது.

புரிகளாகப் பின்னிய இந்தச் சுருள்களைக் குறுக்கே இணைத்துக் கட்டுபவை கந்தக அணுக்கள். கெராட்டினில் கந்தகம் 3 முதல் 4 சதவீதம் வரை உண்டு. இரண்டு கந்தக அணுக்கள் கைகோத்து, அடுத்தடுத்த சங்கிலிகளைப் பிணைக்கின்றன. காலின் பாரம் இழையை வளைக்கும்போது சுருள்கள் விரிந்து கொடுக்கின்றன. பாரம் நீங்கியதும் கந்தகப் பிணைப்புகள் அவற்றைப் பழைய இடத்துக்கே இழுத்து வருகின்றன. கம்பளி இழை தன் நீளத்தில் 30 சதவீதம் வரை நீண்டு மீளக்கூடியது என்பதன் காரணம் இதுவே. சோபாவின் கால் அழுத்திய பள்ளத்தின்மேல் இலேசான நீராவி காட்டினால் இழைகள் எழுவதும் இந்தத் தத்துவத்தை ஒட்டித்தான். ஈரமும் வெப்பமும் சங்கிலிகளுக்கு இடையேயுள்ள பலவீனமான பிணைப்புகளைத் தளர்த்தி, இயற்கை நிலைக்குத் திரும்ப வழிவிடுகின்றன. இந்தக் கந்தகத்தை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கடைசியில் மறுபடியும் அது வேறொரு ரூபத்தில் வரும்.

மயிரின் வெளிப்புறம் ஓட்டுக் கூரையைப் போல் ஒன்றின்மேலொன்று படிந்த செதிள்களால் ஆனது. செதிள்களின் மேல், ஒரே மூலக்கூறு கனமுள்ள கொழுப்பமிலப் படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. ஆகவே தவறிச் சிந்திய காப்பி சிறிது நேரம் உருண்டை உருண்டையாக மேலேயே நிற்கும். அதற்குள் ஒரு துணியால் ஒற்றி எடுத்துவிட்டால் கறை படியாது. துடைக்கத் தொடங்கினாலோ நாமே அதை உள்ளே தேய்த்துச் செலுத்தியவர்களாவோம். தண்ணீர்த்துளியைத் தள்ளி நிறுத்தும் இதே மயிர், தண்ணீர் ஆவியாக வந்தால் தாராளமாக உட்கொள்ளுகிறது என்பது இயற்கையின் விசித்திரங்களில் ஒன்று. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதமாயிருக்கும்போது, 10 கிலோ உலர்ந்த கம்பளி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ நீரைத் தன்னுள் அடக்கிக்கொண்டும் தொட்டால் ஈரமாகத் தெரிவதில்லை. காற்று முழுதும் ஈரத்தால் நிரம்பினால், தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை அது நீரை ஏற்கும். காற்று வறண்டதும் திருப்பிக் கொடுத்துவிடும். சென்னை, தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் கம்பளம் வைத்திருப்பவர் அறிய வேண்டிய சங்கதி இது: மயிர் ஈரத்தைத் தாங்கும், ஆனால் கம்பளத்தின் அடித்தளமான பருத்திப் பாவும் ஊடையும் தாங்கமாட்டா. கம்பளத்தின்மேல் பூந்தொட்டியை வைத்துவிட்டு, அதன் கீழே வருஷக்கணக்கில் கசிந்த நீரை மறந்துபோனவர்கள், மேலே வர்ணம் மாறாமலிருக்க, அடியில் பருத்தி உளுத்துப்போய், மடிக்கும்போது சடசடவென்று முறியும் கம்பளத்தை அடைகிறார்கள்.

ஊதுவத்தியின் நெருப்பு விழுந்தால் என்ன ஆகும் என்பதும் நம் வீடுகளில் எழுகிற கேள்விதான். நைட்ரஜனும் ஈரமும் மிகுந்த கம்பளி தீப்பற்றுவதற்குச் சுமார் 570 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும்; நெருப்பை எடுத்தால் பெரும்பாலும் தானே அணைந்து, கையால் நசுக்கினால் பொடியாகும் கரியை விடும், மயிர் கருகிய நாற்றமும் வரும். செயற்கை இழையான பாலிபுரொப்பிலீன் 165 பாகையிலேயே உருகித் தரையோடு ஒட்டும். ‘செயற்கைப் பட்டு’ என்று பளபளக்கும் விஸ்கோஸ் காகிதம் எரிவதுபோலவே எரியும், நனைந்தால் பலமும் இழக்கும். அதைக் கலந்த கம்பளங்கள் கடை விளக்கில் அழகாக மின்னுகின்றன என்பதைத் தவிர, அவற்றுக்குச் சாதகமாகச் சொல்ல எனக்கு எதுவும் அகப்படவில்லை. ஓரத்திலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொளுத்திப் பார்க்க அனுமதி கேட்டால், நேர்மையான வியாபாரி மறுக்கமாட்டார்.

சாயத்தைப் பற்றிப் பேசப் புகுமுன், சைபீரியாவின் அல்தாய் மலைகளுக்கு ஒருமுறை போய்வருவது நல்லது. 1949இல் செர்கேய் ருடென்கோ என்ற ருஷ்யத் தொல்லியல் அறிஞர், பாஸிரிக் என்னுமிடத்தில் ஒரு குதிரைவீரத் தலைவனின் சமாதியைத் தோண்டியபோது, பனிக்கட்டிக்குள் உறைந்து கிடந்த ஒரு கம்பளத்தைக் கண்டெடுத்தார். ஆதியில் சமாதியைக் கொள்ளையிட்டவர்கள் வெட்டிய வழியாக நீர் இறங்கி உறைந்துபோனதால், அவர்கள் விட்டுச்சென்ற கம்பளம் அழுகாமல் தப்பியது. ஏறக்குறைய 2,400 ஆண்டுப் பழமையுள்ள அது, சுமார் 1.83 மீட்டருக்கு 2 மீட்டர் அளவுடையது. சதுர அங்குலத்துக்கு 230 முடிச்சு வீதம் மொத்தம் ஏறத்தாழ 12.5 லட்சம் முடிச்சுகள் கொண்டது. இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் சிவப்பு இன்றும் சிவப்பாகவே இருப்பது எப்படி என்ற கேள்விக்கு, ஜெர்மனியின் எர்லாங்கன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2021இல் ஒரு விடை தந்தார்கள். எக்ஸ் கதிர் நுண்ணோக்கியால் இழையின் குறுக்குவெட்டை ஆராய்ந்தபோது, படிகாரத்திலிருந்து வந்த அலுமினியம் மேற்பரப்போடு நில்லாமல் மயிரின் உட்பகுதி வரை ஊடுருவியிருந்தது. சாயம் ஏற்றுமுன் கம்பளியைப் புளிக்கவைத்துச் செதிள்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று அவர்கள் முடிவுகட்டினார்கள். செதிள் மூடியிருந்தால் சாயம் வெளியிலேயே தங்கும், வெளியில் தங்கியது வெளியேறவும் செய்யும்.

படிகாரத்தின் பங்கை இங்கே இரண்டொரு வார்த்தையில் சொல்லிவிடலாம். மஞ்சிட்டி வேரிலுள்ள அலிசாரின் போன்ற செந்நிறப் பொருள்கள் தாமாகக் கம்பளியைப் பற்றிக்கொள்வது பலவீனமாகவே. நடுவே ஓர் உலோக அணு நின்று, ஒரு கையால் புரதத்தையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. உலோகம் அலுமினியமானால் சிவப்பு, இரும்பானால் ஊதாவும் கரும்பழுப்பும். இரும்பு காலப்போக்கில் மயிரை அரிப்பதால், பழங்கம்பளங்களில் கருநிறப் பகுதிகள் மட்டும் தேய்ந்து பள்ளமாகி, ஏனைய வர்ணங்கள் மேடாக நிற்பதைக் காணலாம். அதைச் செதுக்குவேலை என்று சொல்லி விலையேற்றும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. அவுரிக்கு உலோகம் வேண்டாம். நீரில் கரையும் வெளிர்நிறமாகி மயிருக்குள் புகுந்து, காற்றுப் பட்டதும் கரையாத நீலமாக அங்கேயே உறைந்துவிடும். இந்த அவுரி திண்டிவனம் வட்டாரத்தில் இன்றைக்கும் பயிராகிறது.

1856இல் லண்டனில் 18 வயது வாலிபன் வில்லியம் பெர்கின், கொய்னா மருந்தைச் செய்யப்போய், தாரிலிருந்து ஊதாச் சாயத்தைச் செய்துவிட்டான். 1868இல் கிரேபேயும் லீபெர்மானும் அலிசாரினையே ஆய்வுச்சாலையில் உண்டாக்கினார்கள். 1897இல் செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது. முதலில் வந்த அனிலின் சாயங்கள் பல வெயிலில் வெளுத்தும் நீரில் கசிந்தும் கம்பளத் தொழிலுக்கே அவப்பெயர் உண்டாக்கியபடியால், பாரசீக அரசு அவற்றைத் தடைசெய்யும் அளவுக்குப் போயிற்று. அந்தக் காலத்து அவப்பெயரை இன்றைய சாயங்களின் தலையிலும் சுமத்தி, ‘இயற்கைச் சாயம்’ என்ற ஒரே சொல்லுக்காக இரட்டிப்பு விலை கொடுப்பதை என்னால் ஆமோதிக்க முடியவில்லை. மஞ்சள் கிழங்கின் மஞ்சளும் இயற்கைச் சாயந்தான். அது வெயிலில் எத்தனை நாள் நிற்கும் என்பதை மஞ்சள் தோய்த்த துணியைக் கொடியில் உலர்த்திய எவரும் அறிவர். குரோமியம் முதலிய உலோகங்களோடு சேர்த்துத் தயாரிக்கும் தற்காலச் செயற்கைச் சாயங்களில் நல்லவை, தாவரச் சாயங்கள் பலவற்றைவிட ஒளியைத் தாங்குகின்றன. மஞ்சிட்டியும் அவுரியும் மூப்பு அடையும்போது கண்ணுக்கு இதமாக அடங்குகின்றன என்பது வாஸ்தவம். துருக்கியில் 1981இல் ஹரால்ட் போமர் என்ற ஜெர்மானிய ரசாயன ஆசிரியரின் முயற்சியால் கிராமப் பெண்கள் தாவரச் சாயத்துக்குத் திரும்பியதன் பலனாக நெய்யப்பட்ட கம்பளங்கள் மிகவும் அழகானவை. ஆயினும் அது ரசனையின் தீர்ப்பு. உறுதியின் தீர்ப்பைத் தருவதற்கு வேறொரு வழி இருக்கிறது: நீலச் சாயம் ஏற்றிய எட்டுக் கம்பளித் துண்டுகளைச் சோதிக்கப்படும் சாயத்தோடு வெளிச்சத்தில் வைத்து, எது எந்தத் துண்டோடு சேர்ந்து வெளுக்கிறது என்று பார்த்து, 1 முதல் 8 வரை எண் கொடுப்பது உலகெங்கும் வழக்கம். தரைக் கம்பளத்துக்கு 5க்குக் குறைந்த எண்ணை நான் ஏற்கமாட்டேன். கடையில் அவ்வளவு நுணுக்கம் கிட்டாவிட்டால், வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்துக் கசிவைப் பார்க்கலாம். இழைகளைப் பிளந்து, நுனி வெளுத்து அடி மட்டும் அடர்ந்திருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

எவ்வளவு நல்ல சாயமும் ஒளிக்கு அடிமையே. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 1893இல் 2,000 பவுன் கொடுத்து வாங்கிய அர்தபீல் கம்பளம், ஹிஜ்ரி 946, அதாவது 1539-40 என்று தன்மேலேயே தேதி நெய்யப்பட்டது. அதற்கு மணிக்கும் அரைமணிக்கும் பத்துப் பத்து நிமிஷந்தான் விளக்கு ஏற்றுகிறார்கள். சுவரளவு கண்ணாடியை மேற்கே வைத்துக் கட்டிய வீட்டுக்காரர், அருங்காட்சியகத்துக்காரருக்கு உள்ள கவலையில் ஒரு சிறு பங்கையாவது பட்டு, திரை போடுவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கம்பளத்தைத் திசைமாற்றி விரிப்பதும் நலம். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் சாயமேற்றாத வெண்கம்பளியையும் விடுவதில்லை; புரதத்திலுள்ள டிரிப்டோஃபான் சிதைந்து, தந்தநிறம் மஞ்சளித்துப்போகும்.

இப்போது முடிச்சுக்கு வருவோம். ஒவ்வொரு முடிச்சும் ஒரு வர்ணப் புள்ளி. இரண்டு பாவு இழைகளையும் சமமாகச் சுற்றிய முடிச்சு துருக்கிக்கு உரியது. ஒன்றை முழுதும் சுற்றி மற்றொன்றின் அடியில் புகுந்து வரும் முடிச்சு பாரசீகத்துக்கு உரியது. இரண்டில் எதுவும் மற்றதற்குத் தாழ்ந்ததல்ல. கொடியும் இலையும் பூவும் வளைந்து வளைந்து ஓடும் சித்திரத்துக்குப் புள்ளிகள் நெருங்கியிருக்க வேண்டும், இல்லாவிடில் வளைவு படிப்படியாகத் தெரியும். ஆகவே காஷ்மீரத்தில் அங்குலத்துக்கு 18க்கு 18, அதாவது சதுர அங்குலத்துக்கு 324 முடிச்சு போடுகிறார்கள். அங்கே சித்திரத்தைப் படமாக வைத்து நெய்வதில்லை. எந்த வர்ணத்தில் எத்தனை முடிச்சு என்று குறியெழுத்தில் எழுதிய ‘தாலீம்’ என்னும் சீட்டைப் பார்த்து நெய்வார்கள். ஆனால் நேர்கோடும் கட்டமுமாக அமைந்த சித்திரத்துக்கு இந்த நெருக்கம் வீண். ஈரானின் ஃபார்ஸ் மாகாணத்தில் கஷ்காய் நாடோடிப் பெண்கள் நெய்யும் கப்பே என்னும் தடித்த கம்பளத்தில் முடிச்சுகள் மிகவும் குறைவு. பரந்த வயல்போன்ற ஒரே சிவப்பு, அதன் நடுவே இரண்டு ஆடு, ஒரு மரம், அவ்வளவுதான். மோசென் மக்மல்பாஃப் 1996இல் எடுத்த திரைப்படத்தின் மூலம் உலகம் அறிந்த இந்தக் கம்பளம், அலங்காரம் குறைந்த இன்றைய கூடங்களுக்கு, 400 முடிச்சுக் காஷ்மீரத்தைவிடப் பொருந்துகிறது என்பது என் எண்ணம். மயிர் உயர்ந்ததாயின், சதுர அங்குலத்துக்கு 80, 100 முடிச்சே தலைமுறைக்கு நிற்கும்.

முடிச்சுக் கணக்கில் ஒரு சூதும் உண்டு. இரண்டு பாவுக்கு ஒரு முடிச்சு என்பதற்குப் பதிலாக நான்கு பாவுக்கு ஒன்று போட்டால் பாதி வேலையில் கம்பளம் முடிந்துவிடும், ஆனால் மயிரும் பாதியே இருக்கும். ஜுஃப்தி என்று பாரசீகத்தார் இதைச் சொல்வார்கள். இந்தச் சூதெல்லாம் கம்பளத்தின் முதுகில் எழுதியிருக்கிறது. கைமுடிச்சுக் கம்பளத்தைத் திருப்பினால், முன்புறச் சித்திரம் அப்படியே பின்புறமும் தெரியும், ஒவ்வொரு முடிச்சையும் எண்ணலாம், இரு முனைகளிலும் தொங்கும் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாக இருக்கும். திருப்பியதும் ஒரு துணி ஒட்டப்பட்டிருக்கக் கண்டால், அது கடைகளில் ‘ஹேண்ட் டஃப்டெட்’ என்று சொல்லும் இனம். இழுத்துக் கட்டிய துணியில் கைத்துப்பாக்கி போன்ற கருவியால் நூலைக் குத்திச் செருகி, பின்னால் லேடெக்ஸ் என்னும் ரப்பர்ப்பால் பூசி ஒட்டிவிடுகிறார்கள். கையால் செய்தது என்பது பொய்யல்ல. ஆனால் அதில் மயிரைப் பிடித்திருப்பது பசை. பசை சில ஆண்டுகளில் காற்றோடு கூடி வறண்டு பொடியாக உதிரும், புதிதில் ரப்பர் வாடையும் வீசும். ஐந்தாறு ஆண்டுக்கு ஒன்று போதும் என்கிறவர் அறிந்தே அதை வாங்கலாம். கைமுடிச்சின் விலை கொடுத்து வாங்கலாகாது.

அந்த விலை எப்படி வருகிறது? ஐந்தடிக்கு எட்டடிக் கம்பளத்தில், சதுர அங்குலத்துக்கு 100 முடிச்சானால், மொத்தம் 5,76,000. கைதேர்ந்த நெசவாளி நாளொன்றுக்கு 8,000 முடிச்சுப் போட்டால் 72 நாள் வேலை. உத்தரப் பிரதேசத்தின் பதோஹி, மிர்ஸாபூர் வட்டாரத்தில் கிராமந்தோறும் இந்த வேலை நடக்கிறது. நம் அண்டையிலே ஆந்திரத்தின் ஏலூருவிலும் பழைய பாரசீக மரபு உண்டு. விலை சந்தேகத்துக்கிடமாக மலிந்திருந்தால், அந்த 72 நாளில் யாருடைய கூலி குறைந்தது என்று விசாரிப்பது வாங்குகிறவரின் கடமை. சிறுவர்களின் விரல்களை இந்தத் தறிகளிலிருந்து விடுவிக்கக் கைலாஷ் சத்யார்த்தி போன்றோர் போராடியதன் பலனாக 1994இல் ரக்மார்க் என்ற முத்திரை பிறந்தது. 2009 முதல் அதன் பெயர் குட்வீவ். முத்திரையைப் பார்த்து வாங்கலாம்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு கம்பளம் செய்யும் உபகாரங்களில் நாம் எண்ணிப் பாராதது ஓசையைப் பற்றியது. ஓடும் கண்ணாடியும் நிறைந்த கூடத்தில் பேச்சு எதிரொலித்துக் குழம்புகிறது. 1895இல் ஹார்வர்டில் ஒரு பிரசங்க மண்டபத்தின் எதிரொலியைக் குணப்படுத்தச் சொன்னபோது, வாலஸ் சேபின் என்ற பௌதிக ஆசிரியர் இரவு நேரங்களில் நாடக அரங்கின் மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பி அளந்து, ஓசை அடங்கும் நேரம் அறையின் கனஅளவுக்கு நேர்விகிதத்திலும் உறிஞ்சும் பரப்புக்குத் தலைகீழ் விகிதத்திலும் இருப்பதைக் கண்டார். 60 கனமீட்டர் கூடத்தில் உறிஞ்சும் பரப்பு 5 சதுர மீட்டருக்குச் சமமாயின், ஓசை அடங்க ஏறக்குறைய 1.9 விநாடி, படும் ஓசையில் பத்தில் மூன்று பங்கை உறிஞ்சும் 6 சதுர மீட்டர்க் கம்பளத்தை விரித்தால் 1.4 விநாடி. உயர்ந்த சுருதிகளில் பலன் கூடுதல். பக்கத்து வீட்டு முரசொலியை அது தடுக்காது.

குளிர்நாட்டுப் பத்திரிகைகளைப் பார்த்துச் சுவரிலிருந்து சுவர்வரை கம்பளத்தால் மூடுவது நம் சீதோஷ்ணத்துக்கு விவேகமல்ல. வெப்பத்தை விரைந்து கடத்தும் தரை பாதத்துக்குத் தரும் குளிர்ச்சி கோடையில் நமக்கு ஒரு பாக்கியம். அசையாத காற்றைத் தன்னுள் சிறைப்பிடித்த கம்பளி அதைத் தடுத்துவிடும். உட்காரும் இடத்துக்கு மட்டும் ஒன்று, நாற்காலிகளின் முன்கால்கள் அதன்மேல் படும் அளவில், தாழ்ந்த மயிருடையதாகப் போதும். வழவழத்த ஓட்டின்மேல் வழுக்காமலிருக்கக் காற்றுப் போகும் கண்ணறை கொண்ட அடிவிரிப்பு அவசியம். சாப்பாட்டு மேசையின் கீழே கம்பளமே வேண்டாம் என்பேன்; அங்கே துவைக்கக்கூடிய பவானி ஜமக்காளம் நூறு மடங்கு மேல்.

கடைசியாக, அந்தக் கந்தகம். கெராட்டினைச் சீரணிக்கும் சக்தி பிராணிகளில் வெகு சிலவற்றுக்கே உண்டு, ஏனெனில் கந்தகப் பிணைப்பை எந்த வயிறும் எளிதில் உடைக்க முடிவதில்லை. துணி அந்துப்பூச்சியின் புழு தன் குடலில் ஆக்ஸிஜனைக் கிட்டத்தட்ட அறவே ஒழித்து, காரம் மிகுந்த சூழலை உண்டாக்கி, அங்கே அந்தப் பிணைப்பைப் பிரித்துவிடுகிறது. பறக்கும் பூச்சி கம்பளத்தைத் தின்பதில்லை. இருட்டும் அமைதியும் உள்ள இடத்தில், சோபாவின் அடியில், அது இட்ட முட்டையிலிருந்து வரும் புழுவே தின்கிறது. ஆகவே மாதம் ஒருமுறை சோபாவை நகர்த்தி, சுழலும் தூரிகை பொருத்தாத வாக்குவம் கருவியால் இரு புறமும் இழுப்பதே உத்தமமான மருந்து. நாஃப்தலீன் உருண்டை மூடிய பெட்டிக்கு ஆகும், திறந்த கூடத்துக்கு ஆகாது. அந்துப் புழு குடலில் செய்வதற்கு நிகரான காரியத்தைத் துணி துவைக்கும் பொடிகளும் செய்யவல்லவை. காரம் கந்தகப் பிணைப்பைத் தளர்த்துகிறது. கறை நீக்குவதற்காகச் சேர்க்கும் புரோட்டியேஸ் என்ற நொதி, முட்டைக் கறையின் புரதத்துக்கும் கம்பளியின் புரதத்துக்கும் பேதம் அறியாது இரண்டையும் அறுக்கிறது. பொட்டலத்தின் பின்புறத்தில் ‘என்சைம்’ என்ற சொல்லைக் கண்டால் அதை வேட்டிக்கும் துண்டுக்கும் வைத்துக்கொண்டு, கம்பளத்துக்குக் குளிர்ந்த நீரும் காரமற்ற சோப்பும் மட்டும் உபயோகித்து, நிழலில் இருபுறமும் காற்றுப்படும்படி உலர்த்த வேண்டும்.